பெயருக்கு யார் பட்டா? ஆர்எஸ்எஸ் சண்டையைத் திரும்பப் படிக்கும்போது

ஆர்எஸ்எஸ் 1.0 என்று ஒன்று உண்டு. ஆர்எஸ்எஸ் 2.0 என்றும் ஒன்று உண்டு. (அமைப்பைச் சொல்லவில்லை, வலைப்பதிவுகளின் செய்தியோடையைத்தான் சொல்கிறேன்.) இரண்டாவது முதலாவதன் புதிய பதிப்பு என்று நீங்கள் நினைத்தால் தப்பே இல்லை, எண்ணைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் 2.0 என்பது 1.0-வின் பிள்ளை இல்லை. தம்பிகூட இல்லை. பங்காளி. அதுவும் பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளி.

இந்தக் கதையை ‘கணினிக்காரர்களின் ஈகோ சண்டை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஈகோ இருந்தது, யார் இல்லை என்றார்கள்? ஆனா ஈகோவை மொத்தமாகக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. ஒருவர் தொடங்கி, பாதியில் விட்டுப்போன ஒரு திறந்த தரத்தை அடுத்து எடுத்துச் செல்ல யாருக்கு உரிமை? எடுத்துச் செல்பவர் அதே பெயரை வைத்துக்கொள்ளலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையைத் தொடர எல்லோருக்கும் உரிமை உண்டு. பெயரைத் தொடர அநேகமாக யாருக்கும் இல்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

விட்டுப்போனவர்கள்

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன்னுடைய ‘மை நெட்ஸ்கேப்’ முகப்புத் தளத்துக்காக ஒரு வடிவத்தை வெளியிட்டது. மற்ற தளங்கள் தங்கள் தலைப்புச் செய்திகளை ஒரு சின்னக் கோப்பில் போட்டு வைத்தால், நெட்ஸ்கேப் அதை எடுத்துத் தன் பக்கத்தில் காட்டும். அவ்வளவுதான் நோக்கம். பெயர் ஆர்எஸ்எஸ் 0.9, விரிவு ‘ஆர்டிஎஃப் சைட் சம்மரி’. பின்னால் இருந்தவர்கள் டான் லிபி, ஆர். வி. குஹா. குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். இணையத்தில் இருக்கும் தகவல்களை இயந்திரங்களும் புரிந்துகொள்ளும்படி விவரிக்க வேண்டும் என்ற ஆர்டிஎஃப் யோசனையில் ஆழமாக இருந்தவர்.

நாலே மாதத்தில், 1999 ஜூலையில், 0.91 வந்தது. அதில் ஆர்டிஎஃப்பைத் தூக்கிவிட்டார்கள். சாதாரண எக்ஸ்எம்எல் போதும் என்று எளிமையாக்கினார்கள். யூசர்லேண்ட் நிறுவனத்தின் டேவ் வைனர் 1997 முதல் தன் தளத்துக்கு வைத்திருந்த வடிவத்திலிருந்து சில கூறுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். விரிவும் மாறியது: ‘ரிச் சைட் சம்மரி’.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்குள் இருக்கும் முதல் எழுத்து எதைக் குறிக்கிறது என்பதிலேயே பிறந்த வருடத்துக்குள் இரண்டு கருத்து வந்துவிட்டது. பின்னால் வந்த சண்டைக்கு விதை போட்டது வாரிசுகள் இல்லை, பெற்றவர்களே.

இதற்குள் நெட்ஸ்கேப் ஏஓஎல்லின் கைக்குப் போயிருந்தது. ஆர்எஸ்எஸ் வேலை நின்றது. 2001 ஏப்ரலில் மை நெட்ஸ்கேப்பில் ஆர்எஸ்எஸ் ஆதரவையே எடுத்தார்கள், கூடவே ஆவணங்களையும் எடுத்தார்கள். ‘இனி இது எங்களுடையது இல்லை, இன்னாரிடம் கேளுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தால் போதும். எழுதவில்லை.

தாய்ப்பத்திரமும் அனுபவ பாத்தியதையும்

நம்ம ஊரில் ஒரு நிலத்துக்கு இரண்டு பேர் உரிமை கேட்டால் இரண்டு வகை வாதம் வரும். ஒருவர் தாய்ப்பத்திரத்தைக் காட்டுவார்: மூலத்தில் இது இப்படித்தான் எழுதியிருக்கு. இன்னொருவர் அனுபவ பாத்தியதையைச் சொல்வார்: இத்தனை நாளாக உழுது பயிர் வைத்தது நான்தானே? ஆர்எஸ்எஸ் வழக்கில் இரண்டும் அப்படியே வந்தன.

வைனரின் பக்கம் அனுபவ பாத்தியதை. நெட்ஸ்கேப் கைகழுவிய நேரத்தில் 0.91-ஐ ஓட வைத்தது அவருடைய மென்பொருளும் அதை நம்பி ஓடை வெளியிட்டவர்களும்தான். 2000 ஜூனில் யூசர்லேண்ட் தன் பெயரில் ஒரு 0.91 விவரக்குறிப்பை வெளியிட்டது.

எதிர்ப்பக்கம் தாய்ப்பத்திரம். ஆர்எஸ்எஸ்-டெவ் என்ற குழு, மூலத்தில் இருந்த ஆர்டிஎஃப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், யார் வேண்டுமானாலும் புதிய கூறுகளைச் சேர்க்கும் வசதி வேண்டும் என்றது. ஓ’ரெய்லி நிறுவனத்தின் ரேல் டோர்ன்ஃபெஸ்ட் அதில் முக்கியமானவர். பதினான்கு வயது ஏரன் ஸ்வார்ட்ஸும் இருந்தார். முக்கியமாக, வடிவத்தைத் தொடங்கிய குஹாவே இருந்தார். தாய்ப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரே நம் பக்கம் என்றால் அதைவிட வலுவான சாட்சி எது?

2000 டிசம்பரில் அந்தக் குழு ஆர்எஸ்எஸ் 1.0-ஐ வெளியிட்டது. அதே மாதம் வைனர் 0.92-ஐ வெளியிட்டார். ஒரே பெயர், ஒரே மாதம், இரண்டு வாரிசு.

நம் கடைத்தெருக்களில் எதிரெதிரே ஒரே பெயரில் இரண்டு கடை இருக்கும். இரண்டிலும் ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருக்கும், இரண்டிலும் ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்று பலகை தொங்கும். அதேதான் இது.

தொழில்நுட்பத்தில் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதை நான் ஒதுக்கவில்லை. 0.91-இல் செய்திகள் எல்லாம் ‘சேனல்’ என்ற பெட்டிக்கு உள்ளே இருக்கும். 1.0-இல் அவை பெட்டிக்கு வெளியே, அதற்குப் பக்கத்தில் இருக்கும். மேல்மட்டக் குறியே வேறு. ஒன்றைப் படிக்க எழுதிய நிரல் மற்றதைப் படிக்காது. அப்படியானால் இவை இரண்டு வடிவங்கள். இரண்டு வடிவங்களுக்கு ஒரு பெயர் எதற்கு?

இந்த இடத்தில் 1.0 குழுவின் மீது என் விமர்சனம் நேரடியானது. அவர்கள் செய்தது புது வேலை, நல்ல வேலையும்கூட. வேறு பெயர் வையுங்கள் என்று வைனர் தரப்பு கேட்டதில் தவறே இல்லை. ஆனால் ‘1.0’ என்ற எண்ணுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. ‘இதுவரை இருந்ததெல்லாம் ஒத்திகை, இதுதான் அரங்கேற்றம்’ என்பதுதான் அது. 0.91 பயன்படுத்திக்கொண்டிருந்த அத்தனை பேரையும் ஒரே எண்ணில் பழைய ஆள் ஆக்கிவிட்டார்கள்.

அதுக்காக வைனரை விட்டுவிட முடியுமா? 2002 செப்டம்பரில் 0.92 வழியில் வந்த அடுத்த பெரிய பதிப்பை அவர் வெளியிட்டார். எண் 2.0. விரிவு மூன்றாவது முறையாக மாறி ‘ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்’ ஆனது. அவர் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், விளைவு ஒன்றுதான்: இப்போது 1.0 பழசு ஆகிவிட்டது. அவர்கள் செய்ததையே இவரும் திருப்பிச் செய்தார். வேறு பெயர் வையுங்கள் என்று கேட்டவர், கடைசியில் எண்ணை வைத்து ஆடினார்.

செலவு யார் தலையில்?

இந்த மாதிரி விவாதங்களில் பொதுவாக ‘யார் சரி?’ என்றுதான் கேட்கிறோம். ‘யார் செலவு செய்தார்கள்?’ என்று கேட்டால் படம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும் தங்கள் வடிவம் எது என்று நன்றாகத் தெரியும். அவர்களுக்குக் குழப்பமே இல்லை. குழம்பியது அந்த அறையில் இல்லாதவர்கள். ஃபீட் ரீடர் எழுதியவர் எல்லா வகையையும் படிக்கும் நிரல் எழுத வேண்டியிருந்தது. 2004-இல் மார்க் பில்கிரிம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகாத ஒன்பது ஆர்எஸ்எஸ் வகைகள் உண்டு என்று எழுதினார். ஐந்தே வருடத்தில் ஒன்பது! அவரே எல்லாவற்றையும் படிக்கும் ஒரு பைத்தான் நிரலையும் எழுதினார். அந்த உழைப்பில் கணிசமான பங்கு, பெயர் சரியாக இருந்திருந்தால் தேவைப்பட்டே இருக்காது.

இன்னொரு செலவும் உண்டு. 0.91 கோப்புகள் தங்கள் இலக்கணக் கோப்பு எங்கே இருக்கிறது என்று நெட்ஸ்கேப்பின் முகவரியைக் காட்டும். 2007 ஜனவரியில் அந்தக் கோப்பு அங்கிருந்து காணாமல் போனது. அதை நம்பியிருந்த ஓடைகள் கண்டிப்பான எக்ஸ்எம்எல் கருவிகளில் உடைந்தன. வாரிசுப் போர் நடத்திய இரண்டு தரப்பும் பெயருக்காக எவ்வளவோ எழுதின. அந்தப் பழைய முகவரியை யார் பராமரிப்பது என்ற சலிப்பான வேலையோ, பிறந்து எட்டு வருடம் ஆகியும் அநாதையாகத்தான் கிடந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் உறுத்துவது இதுதான். பெயர் கேட்கிறவர்கள் வீட்டைக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். வீட்டு வரியைப் பற்றிப் பேச்சே இல்லை.

உறைய வைத்த பிறகு

2003 ஜூலையில் 2.0 விவரக்குறிப்பின் பதிப்புரிமை ஹார்வர்டின் பெர்க்மன் மையத்துக்குப் போனது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்தார்கள், ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். இந்த வடிவம் இனி உறைந்தது, மாற்றம் வேண்டுமானால் கூடுதல் கூறுகளாகச் சேருங்கள் அல்லது வேறு பெயரில் புது வடிவம் செய்யுங்கள் என்று ஆவணத்திலேயே எழுதினார்கள்.

கடைசி அந்தக் குறிப்பு இந்தக் கதையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று என்பேன். விட்டுப்போகிறவர் எழுத வேண்டிய வரி அதுதான். நெட்ஸ்கேப் எழுதாமல் போன வரி.

ஆனால் உறைய வைத்ததில் ஓட்டைகளும் சேர்ந்து உறைந்தன. ஒரு செய்தியின் விவரப் பகுதியில் இருப்பது வெறும் எழுத்தா, எச்டிஎம்எல்லா என்று சொல்ல 2.0-இல் வழி இல்லை. வாசிக்கும் நிரல் ஊகிக்கத்தான் வேண்டும். ‘எளிமை’ என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி நிறைய ஊகம் ஒளிந்திருந்தது.

2003 ஜூனில் சாம் ரூபி ஒரு விக்கி திறந்தார். முதலிலிருந்து ஒழுங்காக எழுதுவோம் என்று பலர் கூடினார்கள். பெயர் மட்டும் அமையவில்லை. பை என்றார்கள், எக்கோ என்றார்கள், கடைசியில் ஆட்டம் என்று நிலைத்தது. அந்த நேரத்தில் பலருக்கு இது கேலியாகப் பட்டிருக்கும். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆர்எஸ்எஸ் 3.0 என்று வைத்திருந்தால் ஒரே நாளில் பெயர்ப் பிரச்சினை முடிந்திருக்கும், அடுத்த பத்து வருடத்துக்கு மற்றவர்கள் கஷ்டப்பட்டிருப்பார்கள். அந்தச் சுலபமான வழியில் அவர்கள் போகவில்லை. 2005 டிசம்பரில் ஆட்டம், ஐஇடிஎஃப் வழியாக ஆர்எஃப்சி 4287 ஆக வெளிவந்தது. உள்ளே இருப்பது எழுத்தா எச்டிஎம்எல்லா என்று சொல்ல அதில் தெளிவான இடம் இருந்தது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆட்டம் நல்ல வடிவம், ஆனால் பெயர் மக்கள் வாயில் ஏறவே இல்லை. ப்ளாக்ஸ்பாட்டில் எழுதிய தமிழ்ப் பதிவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளாக்கரின் இயல்பான ஓடை முகவரி தருவது ஆட்டம். வேர்ட்பிரஸின் இயல்பான ஓடை ஆர்எஸ்எஸ் 2.0. தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் இந்த இரண்டு வகைப் பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. நாம் எல்லாவற்றையும் ‘ஆர்எஸ்எஸ்’ என்றே சொன்னோம். புதுப் பெயர் வைத்தவர்களின் உழைப்பு பழைய பெயரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அப்படியானால் புதுப் பெயர் வைத்தது நஷ்டம்தானே?

நஷ்டம்தான். ஆனால் யாருக்கு நஷ்டம்? மாற்றம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு. அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட செலவு அது. ஒரே பெயரில் தொடர்ந்தபோது செலவு சம்பந்தமில்லாதவர்கள் தலையில் விழுந்தது. இந்த வித்தியாசம்தான் என் வாதத்தின் மையம். தொடர்வதற்கு ஆசைப்படுகிறவர் அதன் செலவைத் தான் ஏற்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இருந்த ஆரஞ்சு நிற அலைச் சின்னத்தை 2005 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டும் ஏற்றுக்கொண்டது. அந்தச் சின்னத்தில் எந்த எழுத்தும் இல்லை. பெயரில் ஒத்துப்போகாதவர்கள் படத்தில் ஒத்துப்போனார்கள்.

உயிரோடு இருப்பவரின் மௌனம்

நெட்ஸ்கேப் உண்மையிலேயே விட்டுப்போனது. ஆரம்பித்தவர் இங்கேயே இருக்கிறார், ஆனால் எதுவும் செய்யவில்லை என்றால்? அதுக்கு மார்க்டவுன் கதையைப் பார்க்கலாம்.

2004-இல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டார். அதன் இலக்கணத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர் அதே ஏரன் ஸ்வார்ட்ஸ். ஒரு விளக்கப் பக்கம், ஒரு பெர்ல் நிரல், அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியோடு அதிகாரபூர்வ வெளியீடுகள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. பட்டியலுக்குள் பட்டியல் போட எத்தனை இடைவெளி விட வேண்டும், தலைப்புக்கு முன் காலி வரி வேண்டுமா என்ற மாதிரி கேள்விகளுக்கு ஒவ்வொரு தளமும் தனக்குத் தோன்றிய பதிலை எழுதிக்கொண்டது.

2014 செப்டம்பரில் ஜெஃப் ஆட்வுட், ஜான் மெக்ஃபார்லேன் முதலானோர் துல்லியமான ஒரு விவரக்குறிப்பை வெளியிட்டார்கள். அதில் மெக்ஃபார்லேனின் உழைப்பு அபாரமானது. இன்று அதில் 600-க்கும் மேற்பட்ட சோதனை எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஆனால் வைத்த பெயர் ‘ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்’. க்ரூபர் எதிர்த்தார். ‘காமன் மார்க்டவுன்’ என்று மாற்றினார்கள், அதையும் அவர் ஏற்கவில்லை. சில நாட்களுக்குள் ‘காமன்மார்க்’ ஆனது.

அப்போது நிறையப் பேர் க்ரூபரைத் திட்டினார்கள். பத்து வருடம் எதுவும் செய்யாதவருக்கு என்ன உரிமை? இதில் எனக்கு இரண்டு பக்கமும் சொல்ல இருக்கிறது. முதலாவது, மௌனம் என்பது கைவிட்டதாக ஆகாது. ‘முடிந்தது, இதற்கு மேல் இதில் செய்ய ஒன்றும் இல்லை’ என்பதும் ஒரு நிலைப்பாடு. தரப்படுத்தாமல் விட்டதால்தான் மார்க்டவுன் இவ்வளவு பரவியது என்பது அவர் கருத்து. அது தப்பு என்று நிரூபிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. இரண்டாவது, உரிமத்திலேயே மார்க்டவுன் என்ற பெயரை அனுமதி இல்லாமல் வழிப்பொருட்களை முன்னிறுத்தப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நெட்ஸ்கேப்பைப் போல இல்லை; அவர் எழுதித்தான் வைத்திருந்தார்.

ஆனால் க்ரூபரிடமும் ஒரு குறை உண்டு. அவருடைய பழைய விளக்கப் பக்கத்தில் இருந்த ஓட்டைகள் நிஜமானவை. அவற்றை அடைக்கவும் மாட்டேன், அடைப்பவருக்கு ஒரு வார்த்தை வழி சொல்லவும் மாட்டேன் என்று இருப்பது, கேட்பாரில்லாத வீட்டைப் பூட்டி வைப்பது மாதிரி.

பெயரடைகளின் வித்தியாசத்தையும் கவனியுங்கள். ‘கிட்ஹப் ஃப்ளேவர்ட் மார்க்டவுன்’ என்றால் இது ஒரு வகை, வேறு வகைகளும் உண்டு என்று அர்த்தம். ‘ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்’ என்றால் மற்றதெல்லாம் தரமற்றது என்று அர்த்தம். ஒன்று முகவரி, இன்னொன்று தீர்ப்பு. தீர்ப்புச் சொல்ல இவர்களை யார் நீதிபதி ஆக்கினார்கள்? இதில் நல்ல முடிவு என்னவென்றால், பெயரை இழந்த பிறகு காமன்மார்க் தோற்கவில்லை. 2017-இல் கிட்ஹப் தன் வகையின் விவரக்குறிப்பைக் காமன்மார்க்கின் மேல் கட்டி வெளியிட்டது. துல்லியம் அதை ஜெயிக்க வைத்தது, பெயர் இல்லை.

பெயர் தேடி வருவது

அப்படியானால் பழைய பெயரை யாருமே திரும்ப எடுக்க முடியாதா? முடியும், ஒரு வழியில். எச்டிஎம்எல் அப்படித்தான் நடந்தது. டபிள்யூ3சி அமைப்பு 4.01-ஓடு எச்டிஎம்எல்லை நிறுத்திவிட்டு, பழைய பக்கங்களோடு ஒத்துப்போகாத எக்ஸ்எச்டிஎம்எல் 2 பக்கம் போனது. 2004-இல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா சேர்ந்து வாட்விக் என்ற குழுவை அமைத்து வேலையைத் தொடர்ந்தபோது வைத்த பெயர் ‘வெப் அப்ளிகேஷன்ஸ் 1.0’. எச்டிஎம்எல் என்று கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 2007-இல், டபிள்யூ3சியே அந்த வேலையை ஏற்றுக்கொண்டு எச்டிஎம்எல் 5 என்று பெயர் கொடுத்தது. முதலில் வேலை, அப்புறம் பயன்பாடு, கடைசியாகப் பெயர். அந்த வரிசை முக்கியம். பின்னால் அந்த இரண்டு அமைப்புகளும் ஒரே பெயரில் தனித்தனி ஆவணம் வைத்திருந்த காலமும் வந்தது. மறுபடியும் அதே குழப்பம். 2019-இல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஒன்றாக்கினார்கள்.

ஆர்எஸ்எஸ்ஸுக்கு அந்த ஒப்பந்தம் அமையவே இல்லை. 2006-இல் ரோஜர்ஸ் கேடன்ஹெட் ஆலோசனைக் குழுவைப் புதுப்பித்தபோது, அதுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று வைனர் மறுத்தார். இன்றைக்கும் 2.0 விவரக்குறிப்பு ஹார்வர்ட் முகவரியில் ஒன்று, குழுவின் முகவரியில் திருத்தப்பட்ட ஒன்று என்று இரண்டாகத்தான் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்கள் அந்த 2.0-வின் மேல்தான் ஓடுகின்றன. அது ஓடுவதைப் பார்த்து, சண்டையால் சேதம் ஒன்றும் இல்லையே என்று சொல்லலாம். அது ஓடுவதற்குக் காரணம் வாரிசுகள் சமாதானம் ஆனது இல்லை. எல்லா வகையையும் பொறுமையாகப் படிக்கும் நிரல்களை, பெயர் கேட்காத யாரோ எழுதி வைத்ததுதான்.